ஏழாம் பக்கம்

1

இந்நேரம் நீங்கள் அங்கே கொலுப்படியைப் பிரித்து, மரப்பாச்சியைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றியிருப்பீர்கள். நான் இங்கே கல்கத்தாவில், இரண்டு நாளாக மனசில் கிடந்து உருளும் ஒன்றை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நவராத்திரியோடு நான் இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இருபது வருஷத்தில் என்ன கிழித்தாய் என்று கேட்டால், ஒரு பெண்ணைப் பெற்றேன், பதினோரு சிறுகதைகள் உங்கள் வாரப் பத்திரிகைகளில் எழுதினேன், எதிர்வீட்டுக்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மூன்றில் கடைசியைத்தான் ஒரு நாளும் விடாமல் செய்திருக்கிறேன்.

கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்று மாடி வீடு. இரண்டாம் மாடியில் படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள்: நான், கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் என் வீட்டுக்காரர், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் எங்கள் ஒரே பெண் மைதிலி. அந்தப் பக்கம் ஷேஃபாலிதி. ‘தி’ என்றால் இங்கே அக்கா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னைவிட ஒன்பது வயது பெரியவள். அவளும் கதை எழுதுகிறவள், வங்காளத்தில். அவள் கதையைப் படித்தவர்கள் அவளைத் தெருவில் நிறுத்திக் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். என் கதையைப் படித்தவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறீர்கள். அது உங்கள் தப்பில்லை.

சரஸ்வதி பூஜை அன்று காலை புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய ரயில்வே விதிப் புத்தகங்கள், என் கதை வந்த பத்திரிகைகள், என் நோட்டு, மைதிலியின் காலேஜ் புத்தகங்கள். மேலே பட்டுத் துணியைப் போடப் போகும்போது மைதிலி ஒரு மெல்லிசான பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அம்மா, இதையும் வெச்சுடு.”

“என்னடீ இது?”

“பூஜா மலர். எங்க காலேஜ் சீனியர்ஸ் போடறா. மகாளயாவுக்கே வரணும், இவா கொண்டுவர இன்னிக்கு நவமி ஆயிடுத்து. இதுல என் கதை வந்திருக்கு.”

அதை அவள் சொன்ன விதம், பால்காரன் வந்துட்டான் என்று சொல்வது போல இருந்தது. பிரித்துக் காட்டினாள். நாலு பக்கம், மேலே அவள் பெயராம். அந்தப் பெயரை வைத்தவள் நான். ஆனால் அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. முழுக்க வங்காள எழுத்து.

“நம்மாத்தைப் பத்தியா? எங்கே, படிச்சுக் காமி, கேக்கறேன்.”

“இன்னிக்குப் படிக்கக் கூடாதேம்மா” என்றாள். புத்தகத்தை அம்மன் முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் கற்றுக் கொடுத்ததில் அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். பத்திரிகையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, தெருமுனைத் துர்க்கா பூஜைப் பந்தலுக்கு ஓடிவிட்டாள்.

2

இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாயே, எழுத்துக் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். மீன்காரியோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசுவேன், மீன் வாங்காமலே. ஆனால் எழுத்தைத் தொடமாட்டேன் என்று ஒரு வைராக்கியம். அதற்குக் காரணம் உண்டு.

நமக்கு சரஸ்வதி பூஜை நவராத்திரியில். இங்கே அப்படி இல்லை. தை கடைசியிலோ மாசியிலோ, குளிர் விடும் சமயத்தில் தனியாக வரும். மைதிலிக்கு நாலு வயது நடந்தபோது ஷேஃபாலிதி தன் வீட்டுப் பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டாள். குழந்தைக்கு மஞ்சள் புடவை கட்டிவிடு என்றாள். குட்டிப் புடவையை அவளே வாங்கிக்கொண்டும் வந்தாள். பூஜைதானே என்று நானும் கட்டிவிட்டேன். நல்ல மருமகள் மாதிரி உள்ளே போய், அவள் கிச்சடி கிண்டுவதற்குப் பருப்பைக் களைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கூடத்தில் பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். கரண்டியோடு வெளியே வந்து பார்க்கிறேன். புரோகிதர் மடியில் என் குழந்தை. கையில் சிலேட்டு. அவர் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்திருந்தார். இங்கே அதற்கு ஹாதேகொரி என்று பெயர். நம் விஜயதசமியில் அரிசியைப் பரப்பி அட்சராப்பியாசம் செய்கிறோமே, அதேதான். என்ன, எட்டு மாசம் முன்னாலேயே வந்துவிட்டது. எழுதியது வங்காள அ.

குழந்தை சிலேட்டைத் தூக்கி என்னிடம் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூட்டத்தில் வேறு என்ன செய்வது? அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கன்னத்தில் வலிக்கிறது.

அந்த வருஷம் விஜயதசமிக்குத் தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, அவள் அப்பா மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்தார். எழுது கண்ணா, அ. அவள் கையை உதறிக்கொண்டு, தானே ஜம்மென்று வங்காள அ எழுதினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உள்ளே போய்ப் பாயசத்தைக் கிளறினேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட வீட்டுப்பாடம், பாட்டு கிளாஸ், ஜலதோஷம் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று வந்தது. கடைசியில் அவள் அழுதாள், நானும் அழுதேன், நோட்டை மூடினோம். இன்றைக்கும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். ஆனால் நான் எழுதிய ஒரு வரியை அவளால் படிக்க முடியாது.

போதாததற்கு ஷேஃபாலிதி அவளுக்கு மிட்டூ என்று ஒரு செல்லப் பெயரும் வைத்தாள். இங்கே எல்லாக் குழந்தைக்கும் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர். மைதிலீ என்று நான் இரண்டு தடவை கத்தினால் ‘ஊம்’ என்பாள். எதிர்வீட்டிலிருந்து மிட்டூ என்று மெல்லக் கூப்பிட்டால் சாப்பிடுகிற தட்டோடு ஓடுவாள்.

3

ஆனால் பெண்ணை மட்டும் வைத்து நான் பொறாமைப்பட்டதாக நினைக்காதீர்கள். என் பொறாமைக்கு வேறு கிளைகளும் உண்டு.

ஷேஃபாலிதிக்குச் சொந்த ஊர் பாரிசால். இப்போது அது வேறு தேசம். தேசப் பிரிவினையின்போது, பதினாலு வயதில் அம்மா அப்பாவோடு ஓடிவந்தவள். எல்லையில் கொடுத்த சீட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள், எனக்கே காட்டியிருக்கிறாள். மடிப்பில் கிழிந்த ஒரு பழுப்புக் காகிதம். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்படி ஒரு காகிதம் என்னிடம் இல்லையே என்று தோன்றியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவளுக்குத் தொலைந்த ஊர் இருக்கிறது. எனக்கு இருப்பது, வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் மெயிலில் போய்வர ரயில்வே பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். டீ, பொரி, சண்டை. ஒரு தடவை நானும் போய் மூலையில் உட்கார்ந்தேன். பாரிசாலை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றி அவள் எழுதியதைப் படித்தாள். படகு காத்துக்கொண்டிருக்கிறது. அவள் அம்மா மாடிக்கு ஓடிப்போய், வெயிலில் வைத்த மாங்காய் ஜாடியை உள்ளே எடுத்து வைத்து, மழை வந்தால் சாரல் அடிக்கும் என்று ஜன்னலையும் சாத்திவிட்டு இறங்கினாளாம். திரும்பி வரவே போகாத வீட்டுக்கு! படித்து முடித்ததும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைவிட எரிச்சல் அதிகம் வந்தது. நான் திருச்சியை விட்டுக் கிளம்பியபோது என் அம்மா அரைக் கிலோ காப்பிப் பொடியும் ஒரு டின் வடாமும் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு என்றாள். இதை எழுதினால் யார் அழுவார்கள்?

அன்று சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “நானுந்தான் ஊரை விட்டுட்டு வந்தேன்” என்றேன்.

“அம்மா, நோக்கு அது டிரான்ஸ்ஃபர்மா” என்றாள் மைதிலி. “மாஷிக்குத் தேசமே போயிடுத்து. ரெண்டும் ஒண்ணா?” மாஷி என்றால் சித்தி. என் கூடப்பிறந்த தங்கையைக்கூட அவள் அத்தனை உருகிக் கூப்பிட்டதில்லை.

போன வருஷம் இங்கிலீஷ் இலக்கியத்தில் சேர்ந்தபின் அவளுக்கு இன்னும் விவரம் கூடிவிட்டது. “எங்க சார் சொல்றார், வெள்ளைக்காரன் போனப்புறம் எந்த தேசத்துல எழுதினவாளா இருந்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாளாம். நான் எந்த ஊர்க்காரன்னு.”

“அதுக்கு காலேஜுக்குப் போகணுமாடீ? ரேஷன் கார்டு ஆபீஸ்லயே கேக்கறானே” என்றேன். உண்மைதான். இங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, உங்கள் தேஷ் எது, அதாவது சொந்த ஊர் எது என்பதுதான். கார்டில் பெயர் சேர்க்கப் போனபோது குமாஸ்தா கேட்டார். திருச்சி என்றேன். மெட்ராஸ் என்று எழுதிக்கொண்டார். மெட்ராஸிலிருந்து திருச்சி இருநூறு மைல் என்றேன். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான் என்றார். ஊருக்கு வந்தால் மன்னி வாசலிலேயே, “வாங்கோ வாங்கோ, பெங்காலி மாமி” என்கிறாள். அங்கேயும் ஒரு குமாஸ்தா.

கல்கத்தாவை வைத்து நான் ஒரே ஒரு கதை எழுதினேன். மைதிலிக்கு அப்போது எட்டு வயது. எங்கள் படிக்கட்டையும் இரண்டு வீட்டையும் வைத்து எழுதிய கதை. வெறி பிடித்த மாதிரி நாலே நாளில் எழுதி முடித்தேன். நல்ல பிரதி எடுக்கும்போது ஏழாம் பக்கத்தைக் காணோம். என் வீட்டுக்காரர் ஷேவ் செய்யும்போது கிடைத்த காகிதத்தில் பிளேடு சோப்பைத் துடைக்கிறவர். அவர்தான் என்று தீர்மானித்து மூன்று நாள் பேசவில்லை, காப்பியை டொக்கென்று வைத்தேன். “சத்தியமா நான் தொடலை, ராஜி” என்று அவர் சொன்னதை நம்பவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன், ஆனால் கோபம் ஆறிப்போயிருந்தது, கை இளகிவிட்டது. கதை போன வேகத்தில் திரும்பி வந்தது. கதையின் சூழல் நம் வாசகர்களுக்கு அந்நியமாக இருக்கிறது, திருச்சிப் பின்னணியில் எழுதி அனுப்புங்கள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கதையை அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு காவிரியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

4

சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம், அவர் தூங்கிய பிறகு, பட்டுத் துணியை விலக்கிப் பத்திரிகையை எடுத்தேன். படிக்கக் கூடாத நாள்தான். ஆனால் எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அப்புறம் என்ன தோஷம்?

பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏழெட்டு எழுத்து பழக்கம். கரியாஹாட் என்று எங்கே எழுதியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கதையில் கரியாஹாட் இல்லை. ‘மா’ என்ற எழுத்தும் தெரியும். இந்தச் சமயத்தில் பந்தலுக்குப் பந்தல் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தேன், முதல் பக்கத்தில் மட்டும் ஒன்பது மா. எந்த மா? துர்க்கையா, நானா, அல்லது அம்மா என்று கூப்பிடவைக்க ஆசைப்பட்டு மாஷியோடு நிறுத்திக்கொண்ட எதிர்வீட்டுக்காரியா?

எதிர்வீட்டுக்காரிதான் திருத்திக் கொடுத்திருப்பாள். அவளுக்குத்தான் மைதிலி முதலில் படித்துக் காட்டியிருப்பாள். அந்த நாலு பக்கத்தில் பாரிசாலும் படகும் மாங்காய் ஜாடியும் இருக்கும், வடாம் டின் இருக்காது. என் பெண் எழுத்தாளராகிவிட்டாள், என்னிடமிருந்து ஒரு துளிகூட எடுத்துக்கொள்ளாமல்.

“ஷேஃபாலிகிட்டக் கேளேன், படிச்சுச் சொல்லுவா” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. தூங்கவில்லை போலிருக்கிறது.

“அவ வாசல்ல போய் என் பொண்ணு கதையை யாசகம் கேக்கணுமா?” என்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5

நம் விஜயதசமி அன்றுதான் இவர்களுக்கும் தசமி. அம்மனைக் கங்கையில் கரைத்துவிட்டு வந்ததும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவார்கள். சிறியவர்கள் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், இனிப்பு கொடுத்துக்கொள்வார்கள். ஷேஃபாலிதி வருஷா வருஷம் வெல்லம் போட்ட தேங்காய் உருண்டையோடு வருவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காலைத் தொட்டுவிட்டு சுண்டல் கொடுப்பேன்.

இந்த வருஷமும் வந்தாள். காலைத் தொட்டேன். உட்கார்ந்தவள் நேரே புத்தக அடுக்கைப் பார்த்தாள். மேலேயே பத்திரிகை.

“ராஜி, அதை நான் பார்க்கலாமா?” என்றாள். நாங்கள் இருவரும் வங்காளத்தில்தான் பேசுவோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“நீங்கள் பார்க்காததா?”

“பார்க்கலை. என்கிட்டக் காட்டலை. மிட்டூ கதை எழுதியிருக்கிற விஷயமே பள்ளிக்கூடத்தில் வேற ஒரு டீச்சர் சொல்லித்தான் தெரியும்.” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த முயற்சி எனக்கு நன்றாகத் தெரியும், இருபது வருஷமாக நான் செய்வது.

பத்திரிகையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். “படியுங்கள். சத்தமாக” என்றேன்.

படித்தாள். கதையில் ஒரு எட்டு வயதுப் பெண். அவள் அம்மா மத்தியானங்களில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறாள். எழுதியதைத் தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டே அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடக்கிறாள். பெண் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். அம்மா என்னைத் திட்டும் குரலும் கூப்பிடும் குரலும் எல்லாருக்கும் தெரியும், இந்தக் குரல் எனக்கு மட்டுந்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறாள். ஒருநாள் அந்தக் குரலில் கொஞ்சம் தனக்கு வேண்டும் என்று ஒரு பக்கத்தைத் திருடி, வங்காளப் பாடப் புத்தகத்தின் பின் அட்டைக்குள் வைக்கிறாள். அம்மா அப்பாவோடு சண்டை போடுகிறாள், அப்போதும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் பழைய புத்தகத்திலிருந்து புதுப் புத்தகத்துக்கு மாற்றுகிறாள். பரீட்சைக்குக் கிளம்பும்போது எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள். படிக்கத் தெரியாது. கதையின் கடைசி வரியை ஷேஃபாலிதி இரண்டு தடவை படித்தாள். ‘அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தெரியும்.’

ஒன்பது மாவும் நான்தான்.

முதலில் என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்கிறேன். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. பாவம், பிளேடு துடைக்காத அவர் வாசற்படியில் நின்றுகொண்டு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

ஷேஃபாலிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “பதினஞ்சு வருஷமா பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுக்குத்தான் வருவா” என்றாள். “நான் ஒரு வரி இருக்கேன், பார்த்தியா? பொரி கொடுக்கிற பக்கத்து வீட்டு மாஷி. பேர்கூட இல்லை.”

அப்போது மைதிலி உள்ளே வந்தாள், ஊர்வலத்தில் கத்தித் தொண்டை கட்டிப்போய். எங்கள் மூன்று பேரையும் மடியில் இருந்த பத்திரிகையையும் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“நீ எடுத்து வெச்ச அந்தப் பக்கம் நிஜமா, மிட்டூ? இல்லை கதைக்காகவா?” என்று கேட்டாள் ஷேஃபாலிதி.

மைதிலி புத்தக அடுக்கிலிருந்து தன் தடிப் புத்தகம் ஒன்றை உருவினாள். பின் அட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். இரண்டு நாளாக அம்மன் முன்னால், என் கை பட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது. என் கையெழுத்து. மேலே 7 என்று போட்டு வட்டம்.

முதல் வரியைப் பார்த்ததுமே காகிதத்தைத் திரும்ப மடிக்கப் போனேன்.

“படிம்மா. இன்னிக்குப் படிக்கலாமே” என்றாள்.

“கண்ணாடியைக் காணோம்டீ.”

“உன் தலையிலதான் இருக்கு.”

நான் கதை எழுதுகிறவள். ஒரு நிமிஷத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு எதையாவது படித்திருக்கலாம். கண்ணே, மணியே என்று நாலு வரி. அங்கே என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், அவர் காட்டிக்கொடுக்கமாட்டார். ஆனால் பதினோரு வருஷம் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்ட பெண்ணிடம் பொய்யைப் படிக்க எனக்கு நாக்கு எழவில்லை. இருந்ததைப் படித்தேன்.

‘எதிர்வீட்டுக்காரி பிள்ளை பெறாமலே அம்மாவாகத் தெரிந்துகொண்டவள். தன் ஊரைப் பறிகொடுத்ததற்கு என் வீட்டில் பறித்து ஈடுகட்டிக்கொள்கிறாள். முதலில் குழந்தையின் விரலை எடுத்தாள், பிறகு பெயரை எடுத்தாள், இப்போது நாக்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊரெல்லாம் அவளுடைய துக்கத்துக்கு அழுகிறது. நான் எங்கே போய் அழுவது? அவளுக்கு ஒரு தேசந்தான் போயிற்று.’

முடித்ததும் மைதிலியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் அவள் இல்லை. திருட்டுப் போகும் பொருளாகத்தான் இருந்தாள்.

“என்ன எழுதியிருக்கு? சொல்லு” என்றாள் ஷேஃபாலிதி.

மைதிலி சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூட அவள் மாற்றவில்லை, அந்த அளவுக்கு என் காதுக்கு வங்காளம் தெரியும். கடைசி வரிக்கு மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு அதையும் சொன்னாள்.

ஷேஃபாலிதி தட்டிலிருந்து தான் கொண்டுவந்த உருண்டையையே ஒன்று எடுத்து, மெல்ல மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தாள்.

“அன்னிக்கு நீ கரண்டியோட வெளியே வந்து நின்னே” என்றாள். “சிரிச்சே. அப்பவே எனக்குத் தெரியும், நான் எடுத்துக்கிட்டேன்னு. தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டேன், ராஜி.”

பதினைந்து வருஷத்தில் இதற்கு நான் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சுண்டல் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் கையை நீட்டினாள். காகிதத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தாள், மைதிலி திருப்பிக் கொடுத்தாள். வட்டத்துக்குள் இருந்த ஏழு என்ற எண்ணை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“என்னைப் பத்தி ஒருத்தரும் எழுதினதில்லை. எல்லாரைப் பத்தியும் நான்தான் எழுதினேன்” என்றாள். “இதை நான் வெச்சுக்கறேன்.”

கேட்கவில்லை, சொன்னாள். நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. எல்லைச் சீட்டோடு சேர்த்து வைத்திருப்பாள்.

மைதிலி என் பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். “வேற ஒண்ணு எழுதித் தாம்மா” என்றாள், கட்டின குரலில். “என்னைப் பத்தி.”

தருகிறேன் என்றேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்கு முன்னால் இது வந்துவிட்டது. நான் கல்கத்தாவைப் பற்றி எழுதிய ஒரே கதையில் மிஞ்சியிருந்த ஒரே பக்கம், என் பெண் பதினோரு வருஷம் பொத்திப் பாதுகாத்த பக்கம், அதுவும் இப்போது எதிர்வீட்டுக்காரியிடம் இருக்கிறது.